கட்டில் யாருடையது?

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு எங்களூர்ப் பள்ளிவாசல் நிர்வாக சபை என்னைக் கூப்பிட்டிருந்தது. நான் சபை உறுப்பினன் அல்லன். என்ன விடயமோ என்று போய் உட்கார்ந்தேன். வெளிநாட்டில் தொழில் செய்து நல்ல நிலைக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர், மர்ஹூமான தன் வாப்பாவின் பேரில் முப்பது கட்டில் கொண்ட வைத்தியசாலை ஒன்று கட்டித்தர விரும்புகிறாராம். காணியும் பார்த்தாயிற்று. இலாபம் எடுக்காமல் நடத்த வேண்டும், ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்பது அவருடைய நிய்யத்.

தலைவர் ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்க தமிழ் சிறப்புப் பட்டம் செஞ்சவர். எழுதப் படிக்க உங்களுக்குத்தான் ஏலும். மத்த நாடுகள்ல இப்பிடி லாபமில்லாம நடத்துற ஆஸ்பத்திரி எவ்வளவு இரிக்கி, அதுல ஏழைக்கு எத்தின பெட் கிடைக்குது எண்டு ஒரு அறிக்கை எழுதித் தாங்க. அவருக்கு அனுப்போணும்."

ஒரு கிழமையில் முடிகிற வேலை என்று நினைத்துத்தான் தலையாட்டினேன். நாட்டின் பெயர், சனத்தொகை, கட்டில் எண்ணிக்கை என்று ஓர் அட்டவணை போட்டால் போதும் என்பது என் கணக்கு. அட்டவணை போடத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் விளங்கியது. இலாபநோக்கற்ற கட்டில்கள் நிறைந்த நாட்டில் ஏழை வெளியே நிற்கிறான். அப்படிப்பட்ட கட்டில்கள் அறவே இல்லாத நாட்டில் ஏழை உள்ளே படுத்திருக்கிறான். ஏன் இப்படி என்று தேடப் போய், கணக்கில் தொடங்கிய வேலை சரித்திரத்தில் போய் நின்றது. சபைக்குக் கொடுத்த அறிக்கையின் விரிந்த வடிவமே இக்கட்டுரை.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

வைத்தியசாலைக் கட்டில்களை நாடுகளுக்கிடையில் ஒப்பிடுவோர் வழக்கமாக ஆயிரம் பேருக்கு எத்தனை கட்டில் என்று கணக்கிடுவர். பிறகு அவற்றை உடைமைப்படி மூன்றாகப் பிரிப்பர்: அரசுக்குரியவை, இலாபநோக்கற்ற தனியார் அமைப்புகளுக்குரியவை, இலாபநோக்குள்ள தனியாருக்குரியவை.

இந்த அளவுகோலின்படி ஜப்பானிலும் தென் கொரியாவிலும் ஆயிரம் பேருக்குப் பன்னிரண்டுக்கு மேற்பட்ட கட்டில்கள் உள்ளன. ஜேர்மனியில் ஏழு, எட்டு. பெல்ஜியத்தில் ஐந்துக்கு மேல். நெதர்லாந்தில் ஏறத்தாழ மூன்று. அமெரிக்காவில் அதற்கும் சற்றுக் குறைவு. பிரித்தானியாவில் இரண்டரை அளவில். பாகிஸ்தானிலும் பங்களாதேஷிலும் ஒன்றுகூட இல்லை. நமது நாட்டில் ஏறத்தாழ நான்கு.

இதை அப்படியே எடுத்துக்கொண்டு ஜப்பானியனுக்கு அமெரிக்கனைவிட நாலு மடங்கு கட்டில் கிடைக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானின் கணக்கில் நீண்ட காலம் தங்கும் முதியோரின் கட்டில்களும் மனநோயாளர் கட்டில்களும் பெருமளவில் அடங்கும். இன்னொரு நாட்டில் அதே முதியவர் பராமரிப்பு இல்லத்தில் இருப்பார், அவருடைய கட்டில் வைத்தியசாலைக் கணக்கில் வராது. கட்டில் என்ற சொல் ஒன்றுதான், எண்ணும் முறைதான் வேறு.

'இலாபநோக்கற்ற' என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. நெதர்லாந்தில் ஏறக்குறைய எல்லா வைத்தியசாலைகளும் தனியார் அமைப்புகளே, ஆனால் இலாபத்தைப் பங்கிட்டுக் கொள்ள அவற்றுக்கு அனுமதி இல்லை. பெல்ஜியத்தில் நான்கில் மூன்று பங்கு கட்டில்கள் இவ்வகையின. அவற்றில் பல கத்தோலிக்க சபைகள் தொடங்கியவை. ஜப்பானில் தனியார் வைத்தியசாலைகளை நடத்தும் மருத்துவக் கழகங்கள் இலாபப்பங்கு வழங்குவதைச் சட்டம் தடுக்கிறது. அவற்றுட் பல ஒரு டொக்டர் குடும்பத்தின் கையில் தலைமுறையாக இருப்பவை. அமெரிக்காவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சமூக வைத்தியசாலைகளில் மூவாயிரத்துக்குக் கிட்டியவை இலாபநோக்கற்றவை என்று பதிவு பெற்றவை. அவற்றிற் சில கோடிக்கணக்கான டொலர் புரளும் பெரும் நிறுவனங்கள்.

ஆக, இலாபநோக்கற்றது என்ற பெயர் நமக்குத் தெரிவிப்பது ஒன்றைத்தான்: மிஞ்சும் பணத்தை உடைமையாளர்கள் பங்கிட்டுக் கொள்ள முடியாது. நோயாளியிடம் பணம் வாங்குவார்களா, எவ்வளவு வாங்குவார்கள், இல்லாதவனை என்ன செய்வார்கள் என்பதைப் பற்றி அந்தப் பெயர் எதுவும் சொல்வதில்லை. நம்மில் பலர் இதை இலவசம் என்று விளங்கிக் கொள்கிறோம். சபையில் இருந்தவர்களும் அப்படித்தான் விளங்கியிருந்தார்கள். நானும்தான்.

மாரிஸ்தானின் வக்பு ஏடு

இந்தக் குழப்பத்துக்கு விடை தேடி நமது முன்னோர் பக்கம் திரும்பினேன். பீமாரிஸ்தான் என்ற பாரசீகச் சொல்லே மக்கள் வாயில் மாரிஸ்தான் ஆயிற்று. நோயாளர் இருப்பிடம் என்பது பொருள்.

எகிப்தில் அஹ்மத் இப்னு தூலூன் கி.பி. 872 – 874 காலத்தில் ஒரு மாரிஸ்தானைக் கட்டினார். நோயாளி உள்ளே வரும்போது அவருடைய உடுப்பும் காசும் பொறுப்பாளரிடம் வாங்கி வைக்கப்படும். வேறு உடுப்பும் படுக்கையும் கொடுக்கப்படும். கோழி இறைச்சியும் ரொட்டியும் சாப்பிடும் அளவுக்குத் தேறினால் சுகமாகிவிட்டார் என்று கொண்டு வெளியே அனுப்புவர். படைவீரருக்கும் அடிமைப் படையினருக்கும் அங்கே இடமில்லை என்ற நிபந்தனையையும் மக்ரீஸி பதிவு செய்கிறார். அதிகாரம் உள்ளவன் கட்டிலைப் பிடித்துக்கொள்வான் என்பது இப்னு தூலூனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரே ஓர் இராணுவத்தார் அல்லவா.

1154இல் நூருத்தீன் ஸன்கி திமிஷ்கில் கட்டிய மாரிஸ்தானுக்குச் சிறைபிடிக்கப்பட்ட சிலுவைப்படைத் தலைவன் ஒருவனின் மீட்புப் பணம் செலவிடப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை நோயாளரை ஏற்றது. மம்லூக் அமீராக இருந்த கலாவூன் திமிஷ்கில் நோயுற்றபோது அங்கிருந்து வந்த மருந்தால் சுகமானார். ஆட்சி கிடைத்தால் இதுபோல் ஒன்று கட்டுவேன் என்று நேர்ச்சை வைத்தார். சுல்தானான பின் ஹிஜ்ரி 683இல், அதாவது 1284இல், கெய்ரோவில் மன்ஸூரி மாரிஸ்தானின் வேலையைத் தொடங்கினார். ஓராண்டளவில் வேலை முடிந்தது.

அதன் வக்பு ஏடு இன்றும் கிடைக்கிறது. அரசன், அடிமை, ஆண், பெண், பணக்காரன், ஏழை என்ற பேதம் அதில் இல்லை. காய்ச்சல், கண்நோய், சத்திரசிகிச்சை, வயிற்றோட்டம் என்று நோய்க்கேற்பத் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. என்னைப் பிடித்து நிறுத்தியது அதிலுள்ள செலவுப் பட்டியல். கட்டில் இரும்பாலோ மரத்தாலோ இருக்கலாம். பஞ்சு மெத்தை, தலையணை, நோயாளருக்குத் தனித்தனிப் பாத்திரங்கள், உணவை மூடி வைக்க மூடிகள், கோடை காலத்துக்குப் பேரீச்சை ஓலை விசிறிகள். இறந்தால் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கும் செலவு. வீட்டில் கிடக்கும் ஏழை நோயாளிக்கும் மருந்தும் உணவும் அனுப்பும் செலவு. எல்லாம் எழுத்தில் இருந்தன.

விசிறி என்ற இடத்தில் எனக்கு என் வாப்பாவின் ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி வாட்டில் கட்டில் காலியில்லாமல், இரண்டு கட்டில்களுக்கு நடுவில் பாய் போட்டு அவரைக் கிடத்தியிருந்தோம். மேலே மின்விசிறி ஓடவில்லை. இரவு முழுக்க எக்ஸ்றே உறையால் விசிறிக்கொண்டிருந்தேன். அவரை வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. ஒரு சதம் கேட்கவுமில்லை. கட்டில்தான் இருக்கவில்லை. அதற்கு முன்தினம், தருமத்துக்கு நடத்துவதாகச் சொல்லப்படும் ஒரு தனியார் இடத்துக்குப் போயிருந்தோம். அங்கே கட்டில் இருந்தது. முற்பணம் கட்டினால்தான் மேலே அனுப்புவோம் என்றார்கள். இந்த இரண்டு இரவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கேள்வி விளங்கும்.

கலாவூனின் ஏற்பாட்டில் கட்டடம் ஒரு பாதிதான். அதைத் தாங்கியது கடைகள், குளிப்பகங்கள், வீடுகள், காணிகள் ஆகியவற்றின் வருமானம். வருடத்துக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் திர்ஹம் வந்தது என்பர். வருமானத்தை நிர்வகிக்க நாழிர் ஒருவர் இருந்தார். அவருக்கு மேலே காழி இருந்தார். கட்டில் இலவசமாக இருந்ததற்குக் காரணம் எங்கோ ஒரு சந்தையில் கடைக்காரர் மாதாமாதம் வாடகை கட்டியதுதான்.

இதை ஒரு பொற்காலக் கதையாக மட்டும் சொன்னால் முழு உண்மை ஆகாது. மன்ஸூரி மாரிஸ்தானைக் கட்ட ஆட்களைப் பலவந்தமாக வேலை வாங்கினார்கள், அரண்மனையில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள் என்று மக்ரீஸியே குறை சொல்கிறார். அன்றைய உலமாக்கள் சிலரும் முகம் சுளித்தனர். காலப்போக்கில் வக்புச் சொத்துகள் கைமாறின, வருமானம் மெலிந்தது. 1798இல் பிரெஞ்சுப் படையோடு வந்தவர்கள் பார்த்தபோது அது சீரழிந்து கிடந்தது. கட்டடம் இருந்தது, கடை வாடகை வரவில்லை.

துருக்கியில் சுல்தான் அப்துல் மஜீதின் தாயார் பஸ்மி ஆலம் 1845இல் இஸ்தான்பூலில் திறந்த வைத்தியசாலைக்கு 'குரபா' என்று பெயர். கரீப் என்பதன் பன்மை அது. முஸ்லிம் ஏழைகளுக்கென்று வரையறுக்கப்பட்ட வக்பு அது. கலாவூன் கதவைத் திறந்து வைத்த அளவுக்கு இது திறக்கவில்லை. ஆனாலும் இன்றுவரை நிலைத்து, இப்போது ஒரு வக்புப் பல்கலைக்கழகத்தின் வைத்தியசாலையாக இயங்குகிறது.

பதினைந்து கட்டிலும் திராட்சைத் தோட்டமும்

இது நமக்கு மட்டும் உரிய ஏற்பாடு அல்ல. தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒரு கல்வெட்டைச் சொல்லாமல் போக மனமில்லை. காஞ்சிபுரத்துக்கு அண்மையில் திருமுக்கூடல் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 'ஆதுலர் சாலை' ஒன்றைக் குறிப்பிடுகிறது. ஆதுலர் என்றால் நோயாளர். கட்டில் பதினைந்து. மருத்துவர் ஒருவர், சத்திரம் வைப்பவர் ஒருவர், மூலிகை கொண்டு வருவோர், நோயாளரைப் பார்க்கும் பெண்கள், தண்ணீர் கொண்டு வருபவர் என்று ஆட்களும், அவர்களுக்குரிய நெல்லும் காசும், வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கட்டில் எண்ணிக்கையையும் அதை நடத்தும் செலவையும் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைக்கும் அருமையான ஆவணம் அது. அந்தப் பதினைந்தும் ஊரார் எல்லோருக்குமானவை அல்ல. கோயிலோடு சேர்ந்த கல்விச்சாலையின் ஆசிரியர், மாணவர், கோயிற் பணியாளர் ஆகியோருக்கே உரியவை.

பிரான்சின் போன் நகரில் நிக்கோலா ரோலன் என்ற அமைச்சர் 1443இல் ஏழைகளுக்கு ஒரு வைத்தியசாலை நிறுவினார். பின்வந்தோர் அதற்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதி வைத்தனர். 1859 முதல் ஆண்டுதோறும் அதன் விளைபொருள் ஏலத்தில் விற்கப்பட்டு வைத்தியசாலைக்குப் பணம் சேர்கிறது. அங்கே விற்கப்படும் பொருள் நமக்கு ஹராம். ஏற்பாட்டின் அமைப்பு அப்படியே வக்பு.

கடிதம் கொண்டு வா

பிரித்தானியாவின் கதை எனக்கு மிகவும் பாடமாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து அங்கே 'தொண்டு வைத்தியசாலைகள்' பெருகின. செல்வந்தர் சந்தா கட்டுவர், பெரிய டொக்டர்மார் சம்பளமின்றி வேலை செய்வர், ஏழைக்குச் சிகிச்சை இலவசம். நூறு வீதம் இலாபநோக்கற்ற கட்டில்கள். ஆனால் கட்டிலில் ஏறுவதற்குச் சந்தாதாரர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். தொற்றுநோயாளி, கர்ப்பிணி, தீராத நோயாளி ஆகியோரைப் பல வைத்தியசாலைகளின் விதிகள் வெளியே நிறுத்தின. கடிதம் கிடைக்காதவனுக்கு மிஞ்சியது ஏழையர் விடுதியின் நோயாளர் கூடம்.

இலண்டனில் வில்லியம் மார்ஸ்டன் என்ற இளம் வைத்தியர் ஒரு குளிர்கால இரவில் தேவாலயப் படிக்கட்டில் நோயுற்றுக் கிடந்த பெண்ணொருத்தியைக் கண்டார். கடிதம் இல்லாத காரணத்தால் அவளை எங்கும் சேர்க்க முடியவில்லை. அவள் இறந்து போனாள். 1828இல் அவர் தொடங்கிய வைத்தியசாலையே இன்றைய றோயல் ஃப்ரீ. அங்கே கடிதம் தேவையில்லை, நோயே போதும்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. "ஹாஜியாரிட்ட ஒரு கடிதம் எடுத்துட்டு வாங்க" என்பது நம்மூர்களில் ஸகாத் பெறப் போகிறவனும் கேட்கும் வார்த்தைதானே.

1948 ஜூலை 5ஆம் திகதி பிரித்தானிய அரசு தேசிய சுகாதார சேவையைத் தொடங்கி, 1,143 தொண்டு வைத்தியசாலைகளைச் சுமார் 90,000 கட்டில்களோடும், 1,545 உள்ளூராட்சி வைத்தியசாலைகளைச் சுமார் 390,000 கட்டில்களோடும் பொறுப்பேற்றது. தருமத்தின் பெயர் பெற்ற கட்டில்களைவிட வரிப்பணத்தில் நடந்த கட்டில்கள் நாலு மடங்குக்கும் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று ஒரே நாளில் இலாபநோக்கற்ற தனியார் கட்டில்கள் அந்நாட்டின் கணக்கிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டன. அட்டவணையில் பார்த்தால் பெரும் வீழ்ச்சி. நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், கடிதமும் காசும் இல்லாமல் உள்ளே போக முடிந்த முதல் நாள் அது. வரிசை நீளம், கட்டில் குறைவு என்ற குறைகள் இன்றும் அங்கே உண்டு.

கட்டுவதற்குப் பணம், நடத்துவதற்கு?

அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. 1946இல் வந்த ஹில் – பேர்ட்டன் சட்டம், அரச மற்றும் இலாபநோக்கற்ற வைத்தியசாலைகளைக் கட்டுவதற்குக் கூட்டாட்சி அரசின் பணத்தைக் கொடுத்தது. பணம் வாங்கியவர்கள் இயலாதவர்களுக்கு நியாயமான அளவு இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது நிபந்தனை. நியாயமான அளவு என்றால் எவ்வளவு? அதை வரையறுத்துக் கண்காணிக்கும் விதிகள் வழக்குகளுக்குப் பிறகு 1970களில்தான் வந்தன. இடைப்பட்ட காலத்தில் கட்டடங்கள் எழுந்தன, நிபந்தனை காகிதத்தில் கிடந்தது.

வரிவிலக்கு விடயத்திலும் இதே கதை. 1956இன் தீர்மானப்படி, வரிவிலக்குப் பெறும் வைத்தியசாலை தன்னால் இயன்ற அளவு இயலாதவர்க்கு இலவசமாகச் செய்ய வேண்டும். 1969இல் அந்தக் கட்டாயம் தளர்ந்து, 'சமூகத்துக்குப் பயன்' என்ற விரிந்த அளவுகோல் வந்தது. 2010இன் சட்டம், நிதியுதவிக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்றது. எவ்வளவு உதவ வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவை அது வைக்கவில்லை. அதனால்தான் உலகிலேயே பெரிய இலாபநோக்கற்ற வைத்தியசாலைத் துறையைக் கொண்ட நாட்டில், அவ்வகை வைத்தியசாலைகள் சில தம் நோயாளர் மீது கடன் வழக்குத் தொடரும் செய்திகளை வாசிக்கிறோம்.

ஜேர்மனியில் கட்டில்களில் ஏறத்தாழ பாதி அரசினுடையவை. மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து சபைகளும் செஞ்சிலுவை போன்ற அமைப்புகளும் நடத்துபவை. ஏனையவை இலாபநோக்குள்ளவை. அங்கே 1883 முதல் நோய்க் காப்புறுதி நிதியங்கள் உண்டு. 1972இன் சட்டம் செலவை இரண்டாகப் பிரித்தது: கட்டடமும் கருவியும் மாநில அரசின் பொறுப்பு, நாளாந்தச் செலவு காப்புறுதி நிதியத்தின் பொறுப்பு. எந்தக் கட்டிலில் படுத்தாலும் நோயாளிக்காகப் பணம் கட்டுபவர் ஒருவர் இருக்கிறார். நெதர்லாந்திலும் 2006இன் சட்டப்படி எல்லோரும் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும், வருமானம் குறைந்தவருக்கு அரசு அதற்கு உதவுகிறது. இவ்விரு நாடுகளிலும் இலாபநோக்கற்ற கட்டில் ஏழைக்கு எட்டுவதன் இரகசியம் கட்டிலின் உரிமையாளரிடம் இல்லை. நோயாளியின் பின்னால் நிற்கும் அந்த நிதியத்திடம் இருக்கிறது. கலாவூனின் கடைகள் செய்த வேலையை இங்கே காப்புறுதி செய்கிறது.

நமக்கு அருகில்

காப்புறுதியும் இல்லாமல், ஆயிரம் பேருக்கு ஒரு கட்டிலும் இல்லாத நாடுகளில் என்ன செய்வது? கராச்சி சிவில் ஆஸ்பத்திரியில் டொக்டர் அதீப் ரிஸ்வி 1970களில் எட்டுக் கட்டில் கொண்ட ஒரு பகுதியில் சிறுநீரக நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். தனிக் கட்டடம் கட்டிக்கொண்டு வெளியேறாமல், அரச வைத்தியசாலைக்குள்ளேயே பொதுமக்களின் பணத்தைக் கொண்டு வந்தார். இடமும் ஒரு பங்கு பணமும் அரசினுடையவை, மிச்சம் ஊராருடையவை. இன்று அது சிந்து சிறுநீரக, மாற்றுச் சிகிச்சை நிலையம். குருதிச் சுத்திகரிப்பும் சிறுநீரக மாற்றும் அங்கே இலவசம்.

மதுரையில் டொக்டர் வெங்கடசாமி ஓய்வுபெற்ற பின் 1976இல் பதினொரு கட்டிலோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்கக் கூடியவர் கொடுக்கும் கட்டணம், கொடுக்க முடியாதவரின் சத்திரசிகிச்சையைத் தாங்குகிறது. நன்கொடைக்காகக் காத்திருக்காத ஏற்பாடு அது.

டில்லியில் நடந்தது வேறு. மலிவு விலையில் அரச காணி பெற்ற தனியார் வைத்தியசாலைகள் ஏழைகளுக்குக் கட்டில் ஒதுக்க வேண்டும் என்பது குத்தகை நிபந்தனை. பல ஆண்டுகள் அதைப் பலர் கணக்கிலெடுக்கவில்லை. பொதுநல வழக்கொன்றில் 2007இல் டில்லி உயர் நீதிமன்றம், உள்நோயாளர் கட்டில்களில் பத்து வீதமும் வெளிநோயாளரில் இருபத்தைந்து வீதமும் இலவசமாக இருக்க வேண்டும் என்றது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அந்த நிபந்தனையை உறுதி செய்தது. நாழிரும் காழியும் இல்லாத வக்பு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நம் நாட்டில்

இலங்கையின் கட்டில்களில் மிகப் பெரும்பாலானவை அரசினுடையவை. தனியாரிடம் இருப்பவை சில ஆயிரம், அவற்றிலும் இலாபநோக்கற்றவை சொற்பம். மிஷனரிமாரின் வழிவந்த மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை, இணுவில் மக்லியொட், கூட்டுறவு முறையில் தோன்றிய மூளாய் வைத்தியசாலை என்று விரல் விட்டு எண்ணலாம். மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்து நூல்களும் ஆக்கியதைத் தமிழ் மாணவர் அறிவர்.

உலக அட்டவணையில் இலாபநோக்கற்ற கட்டில் என்ற நிரலில் நமக்கு ஏறத்தாழப் பூச்சியம்தான் விழும். அதற்காக நம் நாட்டில் தருமம் இல்லை என்றாகாது. இங்கே தருமம் அரசின் கட்டிலுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. கொழும்பில் 1879இல் திறந்த டி சொய்சா மகப்பேற்று மனை, சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற செல்வந்தரின் கொடை. இன்றும் அங்கே இலவசமாகப் பிள்ளை பிறக்கிறது. 1984இல் ஜப்பானின் அன்பளிப்பாக வந்த ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை 1,001 கட்டில்களோடு தொடங்கியது. அது சட்டமூலம் அமைந்த சபை ஒன்றின் கீழ்க் கட்டணம் வாங்கி நடக்கிறது. அதை எந்த நிரலில் போடுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

நம் சமூகத்தோடு சேர்ந்த உதாரணம் ஒன்றும் உண்டு. 2016இல் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேனர் ஒன்று வேண்டும் என்று கதீஜா பவுண்டேஷன் இருபது கோடி ரூபா திரட்டப் புறப்பட்டது. சில மாதங்களிலேயே பணம் சேர்ந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கொடுத்தார்கள். பிக்குமாரும் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியலை உடைத்தார்கள். ஒரு சமூகத்துக்கான கட்டிலாக இருந்திருந்தால் அந்தப் பணம் அப்படிச் சேர்ந்திருக்குமா என்று யோசிக்கிறேன்.

இவ்வளவையும் சுருக்கிச் சபையில் வாசித்தேன். நான் முன்வைத்தவை மூன்று. முதலாவது, முப்பது கட்டிலுக்குக் கட்டடப் பணம் எவ்வளவோ, அதைப்போல ஒரு தொகை வருமானம் தரும் சொத்தாக முதலில் நிற்க வேண்டும். கடை, காணி எதுவானாலும் சரி, 1956ஆம் ஆண்டின் வக்புச் சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டும். அந்த வருமானத்தில் எத்தனை கட்டில் நடக்குமோ அத்தனையே கட்ட வேண்டும். இரண்டாவது, எத்தனை கட்டில் காசில்லாதவனுக்கு என்பதை எழுத்தில் வைத்து வாசலில் மூன்று மொழியிலும் தொங்கவிட வேண்டும். கடிதம் கேட்கக் கூடாது. எந்த இனத்தவன் என்றும் கேட்கக் கூடாது. கணக்கை வருடாவருடம் ஊர் பார்க்க வேண்டும். மூன்றாவது, இவை ஏலாது என்றால், பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வாட்டை எடுத்து அதற்குரிய கட்டில், மெத்தை, மின்விசிறி, தாதியருக்கான தங்குமிடம் என்று செய்து கொடுத்து, அவற்றைத் திருத்தவும் மாற்றவும் ஒரு வக்பு வைக்கலாம்.

சபையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு செயலாளர் கேட்டார்: "அது சரி சேர், கவர்மெண்ட் வாட்டுக்குக் குடுத்தா அவர்ட வாப்பாட பேர எங்க போடுற?"

நியாயமான கேள்விதான். ஒரு மகனின் ஆசையை லேசாக நினைக்கக் கூடாது. டி சொய்சாவின் பெயர் அரச வைத்தியசாலை வாசலில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறதே என்று சொன்னேன். தலைவர் ஹாஜியார் அறிக்கையை மடித்து ஜுப்பாப் பையில் வைத்துக்கொண்டு, அவருக்கு அனுப்புவோம் என்றார். கட்டடத்தின் வரைபடம் ஏற்கனவே வந்துவிட்டதாம். அதில் முப்பது கட்டிலும் வரவேற்புக் கூடமும் இருந்தன. வருமானத்துக்கு ஒரு கடைத் தொகுதியையும் சேர்த்து வரையும்படி பொறியியலாளருக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.